புகைபோக்கியை இடிக்கலாமா?

எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ராட்வின்டர் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிஸன், 1577-ல் வெளிவந்த இங்கிலாந்து வருணனையில், அவ்வூர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளுக்குள்ளேயே அதிசயிக்கத்தக்க விதத்தில் மாறிப்போயினவாக எடுத்துச் சொன்ன மூன்று விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறார். வைக்கோல் பாயும் கட்டைத் தலையணையுமாக இருந்த படுக்கை மெத்தையும் தலையணையுமாக மாறியது ஒன்று. மரத் தட்டும் மரக் கரண்டியும் போய் ஈயக்கலவைப் பாத்திரங்கள் வந்தது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முன்னதாக அக்கிழவர்கள் குறிப்பிட்டது, தங்கள் இளமையில் ஊருக்கு இரண்டு மூன்று காண்பதே அரிதாயிருந்த புகைபோக்கிகள் இப்போது எங்கு திரும்பினாலும் எழுந்து நிற்கின்றன என்பது. அரசர்களும் மதங்களும் மாறி நாடே கொந்தளித்த ஒரு காலத்தில், உழவர் பெருமக்கள் தங்கள் வாழ்வின் பெரிய மாறுதல் என்று கருதியது, வீட்டுக்குள் சூழ்ந்திருந்த புகை வெளியே போக வழி பிறந்ததைத்தான் என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

அந்தப் புகைபோக்கிகளில் பல இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிய வீடுகளும் இருக்கின்றன. கென்ட், சஸெக்ஸ், எஸ்ஸெக்ஸ், சஃபோக் ஆகிய மாவட்டங்களின் கிராமச் சாலைகளில், ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு தம் நிலத்தைத் தாமே உழுது வாழ்ந்த குடியானவர்கள் ஓக் மரச் சட்டங்களால் எழுப்பிய வீடுகள், எந்த அரசனுடைய பெயரையும் தாங்காமல், இன்றும் மனிதர் உண்டு உறங்கும் இல்லங்களாகவே நிலைபெற்றிருக்கின்றன. இவற்றை எவ்வாறு காப்பது என்பது குறித்து அந்நாட்டில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் வாதத்தில் எனக்கும் திடமான ஓர் அபிப்பிராயம் உண்டு. தலைமுறைதோறும் திருத்தவும் ஒட்டுப்போடவும் மாற்றவும் இடங்கொடுத்த அவற்றின் அமைப்பிலேயே அவ்வீடுகளின் பெருமை அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆதலால், பிற்காலத்தார் சேர்த்தவற்றையெல்லாம் பெயர்த்தெறிந்துவிட்டு ஆதி ரூபத்தை மீட்கிறோம் என்று புறப்படுவது பழமைக்குச் செய்யும் அபகாரமே ஆகும்.

இதை விளங்கிக்கொள்வதற்கு, அவ்வீடுகள் எக்காலத்தில், எவரால், எவ்விதம் கட்டப்பட்டன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. 1348-லும் 1349-லும் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்களுக்கு நிலம் மலிந்தது, கூலி உயர்ந்தது, பிரபுக்கள் குடிகளைப் பழைய கட்டுப்பாடுகளில் பிணித்து வைக்க முடியாமல் தளர்ந்தார்கள். அதன்பின் வந்த இரண்டு மூன்று தலைமுறைகளில், கையில் சிறிது பணமும் காலடியில் நிலையான பூமியும் பெற்ற உழவர்கள் பேரன் காலத்துக்கும் நிற்கக்கூடிய வீடு கட்டத் தலைப்பட்டனர். பெரிய மனிதர்களின் வீடுகளே காலத்தைக் கடந்து நிற்கும், ஏழை எளியவர்களின் வீடுகள் அழிந்துபோயிருக்கும் என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஈரமிகுந்த ஆண்டில் அகன்றும் வறண்ட ஆண்டில் குறுகியும் மரத்துக்குள் படியும் ஆண்டு வளையங்களை அளந்து, மரம் வெட்டப்பட்ட ஆண்டையே, பட்டையின் ஓரம் எஞ்சியிருந்தால் பருவத்தையும் கூடக் கணித்துவிடும் முறை வந்தபிறகு அந்த எண்ணம் மாறியது. மத்திய இங்கிலாந்தில் இன்று நிற்கும் பழைய மர வீடுகளில் மிகப் பல, கொள்ளைநோய்க்குப் பிந்திய நூற்றைம்பது ஆண்டுகளில் சாதாரணக் குடியானவர்கள் கட்டிக்கொண்டவையே என்பது நிச்சயமாகியிருக்கிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வளைந்தும் நெளிந்தும் இருக்கும் உத்தரங்களைக் காட்டி, இவை உடைந்த போர்க்கப்பல்களிலிருந்து எடுத்த மரங்கள் என்று வீட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. லண்டன் நகரில் 1924-ல் கட்டிய லிபர்ட்டி அங்காடிக்கு இரண்டு பழைய கப்பல்களின் மரத்தை மெய்யாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஓர் உழவருக்குக் கப்பல் மரத்தைச் சேற்றுப் பாதையில் வண்டியேற்றிக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. அரை மைல் தூரத்தில் காடு இருந்தது. கானக சரித்திரத்தை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஆலிவர் ராக்கம், சஃபோக் மாவட்டத்தில் ஸ்டான்டன் கிராமத்திலுள்ள ஒரு பண்ணை வீட்டைச் சட்டம் சட்டமாக எண்ணிப் பார்த்து, அதில் ஏறக்குறைய 330 மரங்கள் செலவாகியிருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை ஓரடி விட்டங்கூட இல்லாத இளமரங்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார். இத்தனை மரம் வெட்டியும் காடு அழியவில்லை. ஆஷ், ஹேசல் முதலிய சிறுமரங்களை அடியோடு ஒட்ட வெட்டிச் சில ஆண்டுகள் தளிர்க்கவிட்டு மறுபடி வெட்டுவதும், இடையிடையே ஓக் மரங்களை வளரவிட்டு வேண்டும் அளவு வந்ததும் எடுப்பதுமாக, காட்டையே ஒரு பயிராகப் பரிபாலித்து வந்தார்கள். அதே சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் காடு 1252 முதல் இந்த முறையில் பேணப்பட்டு வருவதற்கு ஏடுகளில் ஆதாரம் இருக்கிறது. அது இன்றும் வெட்டப்படுகிறது, இன்றும் தளிர்க்கிறது.

ஓக் மரம் பச்சையாக இருக்கும்போது உளிக்கு இணங்கும். உலர்ந்துவிட்டால் இரும்பைப்போல் இறுகிவிடும். ஆகையால் அந்நாளைய தச்சர்கள் மரத்தை வெட்டிய ஓராண்டுக்குள், ஈரம் காயாதபோதே வேலையை முடித்துவிடுவார்கள். கோடரியால் நான்கு பக்கமும் சதுரித்து, வாய்ச்சியால் செதுக்கி, பெரிய கட்டையானால் பள்ளத்தின்மேல் கிடத்தி மேலும் கீழுமாக இருவர் நின்று ரம்பத்தால் அறுத்து, சட்டங்களையெல்லாம் தச்சுக்களத்தில் தரையில் பரப்பி ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்த இரண்டு சட்டமும் ஒரே மாதிரி இராது. ஒரு துளைக்கென்று செதுக்கிய கழுந்து வேறு துளையில் சேராது. எனவே ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு சட்டங்களிலும் ஒரே எண்ணை ரோமன் இலக்கத்தில் கீறி வைத்தார்கள். நான்கு என்பதற்கு நான்கு நேர்கோடுகள், ஐந்துக்குச் சாய்ந்த இரு கோடுகள், இடப்புறச் சுவருக்கும் வலப்புறச் சுவருக்கும் வேற்றுமை தெரியச் சிறு வால்கோடு. எழுத்தறியாத தச்சனும் இரவலாக வந்த உதவியாளும் மயங்காமல் படிக்கக்கூடிய இந்தக் கீறல்களை இன்றும் அவ்வீடுகளின் தூண்களில் விரலால் தடவி உணரலாம். எல்லாம் பொருந்துகின்றன என்று கண்டபின், முழு வீட்டையும் பிரித்து, வண்டியிலேற்றி, கட்டும் இடத்தில் எண்ணுக்கு எண் சேர்த்து நிறுத்தினார்கள். பிரிக்கவும் சேர்க்கவும் தக்கதாகவே அந்த வீடு பிறந்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துகளைச் சேர்த்துப் பிடிப்பது இரும்பு ஆணி அன்று, மர முளை. துளையுள்ள சட்டத்தில் முளைக்கென்று இட்ட துவாரமும், கழுந்தில் இட்ட துவாரமும் நேருக்கு நேர் ஒத்திருக்க மாட்டா. கழுந்தின் துவாரத்தை வேண்டுமென்றே சற்று உள்ளே தள்ளி இட்டிருப்பார்கள். நன்றாக உலர்ந்த ஓக் கட்டையைப் பிளந்து கூம்பாகச் சீவிய முளையை அதற்குள் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது, அது வளைந்து நுழைந்து இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று இறுக இழுத்துக்கொள்கிறது. பிறகு பச்சை மரம் காலக்கிரமத்தில் உலர்ந்து சுருங்கச் சுருங்க, காய்ந்த முளையைச் சுற்றி அந்தப் பிடி மேலும் இறுகுகிறது. மரத்தின் குணத்தை எதிர்த்து நில்லாமல், அது உலரும், சுருங்கும், முறுக்கும் என்று முன்கூட்டியே அறிந்து, அந்த முறுக்கையே கட்டடத்தின் பலமாக ஆக்கிக்கொண்ட இந்த ஞானத்தை நான் எத்தனை போற்றினாலும் தகும்.

இன்னும் நுட்பமானது, சுவர்த் தூணின் தலையில் நிகழும் சந்திப்பு. அங்கே மூன்று மரங்கள் கூடுகின்றன: நிமிர்ந்து நிற்கும் தூண், சுவர் நெடுகிலும் கிடக்கும் நீள் உத்தரம், வீட்டின் குறுக்கே ஓடி எதிர்ச்சுவரைப் பிணிக்கும் குறுக்கு உத்தரம். ஒரே இடத்தில் மூன்றையும் பிணைக்கத் தூணின் தலை அகன்றிருக்க வேண்டும். இதற்காக மரத்தைத் தலைகீழாக நிறுத்தினார்கள். வேர்ப்பக்கத்துப் பருமனான அடி மேலே வரும், நுனி கீழே போகும். அந்த அகன்ற தலையில் இரண்டு கழுந்துகள் செதுக்கி, ஒன்றை நீள் உத்தரத்திலும் ஒன்றைக் குறுக்கு உத்தரத்திலும் ஏற்றி, குறுக்கு உத்தரத்தின் அடியை நீள் உத்தரத்தின் மேல் விலகாதபடி வெட்டி அமர்த்திவிட்டால், கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ள எவ்வளவு முயன்றாலும் பலிக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆங்கிலத் தச்சர்கள் இந்தச் சந்திப்பை விடவில்லை. சிறந்த விடை கிடைத்தபின் புதுமைக்காக அதைக் கைவிடும் சபலம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

சட்டங்களுக்கு இடைப்பட்ட இடத்தை அடைத்த விதம் நம்மவர்களுக்கு விளக்கமே வேண்டாதது. மேல் சட்டத்தின் அடியில் துளைகளும் கீழ்ச் சட்டத்தில் ஒரு காடியும் செதுக்கி, பிளந்த ஓக் கொம்புகளை அவற்றில் வளைத்துச் செருகி, ஹேசல் மிலாறுகளைக் குறுக்கே பின்னி வரிச்சுக் கட்டி, களிமண்ணும் வைக்கோல் துணுக்கும் மாட்டுச் சாணமும் மிதித்துக் குழைத்த சாந்தை இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். சுவர் பாரம் தாங்குவதில்லை, சட்டமே தாங்குகிறது. ஆகவே எந்தத் தடுப்பையும் எப்போது வேண்டுமானாலும் தட்டியெடுத்துப் புதிதாகக் கட்டலாம், ஜன்னலைக் கதவாக்கலாம், கதவை மூடலாம். ஆனால் எதுவும் அடையாளமின்றிப் போவதில்லை. வரிச்சு இருந்த இடத்தில் துளைகள் இருக்கும். கண்ணாடி இல்லாத பழைய ஜன்னலில் நின்ற மரக்கம்பிகளுக்குச் சாய்சதுரக் குழிகள் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரே உத்தரத்தின் அடிப்பாகம் மூன்று நூற்றாண்டுகளின் தினசரியாக விளங்கும்.

கென்டிலும் சஸெக்ஸிலும் மிகுதியாகக் காணப்படும் வீல்டன் என்ற வகை வீட்டின் நடுவில், தரையிலிருந்து கூரை முகடுவரை தடையின்றித் திறந்த உயர்ந்த கூடம் இருக்கும். அதன் ஒரு பக்கம் உணவும் பானமும் வைக்கும் சேம அறைகள், மறுபக்கம் வீட்டுத் தலைவனின் தனி அறைகள். இருபக்கமும் மாடி உண்டு, அம்மாடிகள் கீழ்ச் சுவரைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று பகுதிகளையும் ஒரே கூரை மூடுவதால், நடுக்கூடத்தின் முன்புறம் இறவாணத்துக்குக் கீழ் ஒரு பள்ளம் விழுந்தாற்போல் தோன்றும். அதை வளைந்த தாங்கு மரங்கள் ஏந்தி நிற்கும். தெருவில் போகிறவர்கள் அந்த முகப்பைப் பார்த்தே உள்ளே கூடம் எவ்வளவு, அறை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கூடத்தின் நடுத்தரையில்தான் தீ எரிந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மெல்ல மேலேறிக் கூரைக்கடியில் தேங்கி, ஓட்டு இடுக்கிலும் முகட்டோர வாயிலும் கசிந்து வெளியேறியது. கைமரங்களெல்லாம் தார் பூசினாற்போல் கறுத்துப்போயின. அந்தக் கரி இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் கூடத்தின் குறுக்கே தளம்போட்டுவிட்ட வீடுகளிலும், பரண்மேல் ஏறி விளக்கைத் தூக்கிப் பார்த்தால், புகை படிந்த மரங்கள் எத்தனை அங்கணம் ஓடுகின்றன என்பதைக்கொண்டு ஆதிக் கூடத்தின் எல்லையைத் துல்லியமாக வரையறுத்துவிடலாம். டெவன் மாவட்டத்துச் சில வீடுகளில் மேலே மேலே புதுக் கூரை வேய்ந்துகொண்டே போனதால், அடியில் கிடந்த ஆதி வைக்கோல் புகைபடிந்து அப்படியே தங்கிவிட்டது. அதில் கிடைத்த கதிர்களைக்கொண்டு, இடைக்காலத்து வயல்களில் எந்தெந்தக் கோதுமை ரகங்கள் விளைந்தன, எந்தெந்தக் களைகள் அவற்றோடு முளைத்தன என்றெல்லாம் தாவர நிபுணர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். உழவன் வீட்டு ஒட்டடையில் ஒரு நாட்டின் விவசாய சரித்திரம் ஒளிந்திருந்தது.

பிறகு ஹாரிஸனுடைய கிழவர்கள் கண்ட மாறுதல் வந்தது. முதலில் புகையை வீட்டின் ஒரு குறுகிய அங்கணத்துக்குள் அடக்கினார்கள், அதன்பின் மண்பூசிய மரப் புகைபோக்கி, அதன்பின் செங்கல். புகை அடங்கியதும் கூடத்தின் குறுக்கே தளம் போட முடிந்தது. மேலே படுக்கையறைகள் கிடைத்தன. முதன்முறையாக உழவனின் மக்கள் தனித்தனி அறையில் உறங்கினார்கள். கண்ணாடி ஜன்னல் வந்தது. சரித்திர ஆசிரியர் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ், 1953-ல் தாம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 1570 முதல் 1640 வரை கிராம இங்கிலாந்தின் வீடுகள் பெருவாரியாகத் திருத்திக் கட்டப்பட்டன என்று வாதித்தார். காலக்கணக்கில் பின்வந்தவர்கள் சில திருத்தங்கள் சொன்னபோதிலும், அந்த மாறுதலின் மகத்துவத்தை எவரும் மறுக்கவில்லை. புகை சூழ்ந்த கூடம் அழகியது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதில் கண் எரிய அமர்ந்திருந்த தாய்மார்களை நினைக்கும்போது, அந்தச் செங்கல் புகைபோக்கி, வீட்டின் உன்னதமான பாகங்களில் ஒன்று என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வீடுகளுக்குப் போதாத காலம் பிறந்தது. வசதி படைத்த விவசாயிகள் செங்கல் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய வீடுகள் இரண்டாகவும் மூன்றாகவும் தடுக்கப்பட்டுக் கூலியாட்களின் குடியிருப்புகளாயின. பலவற்றை இடித்து விறகாக்கினார்கள். அதே வேளையில் பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று பெயர்பெற்ற கட்டடச் சிற்பிகளே நூற்றாண்டுகளின் வேலைப்பாட்டைச் சுரண்டியெறிவதைக் கண்டு மனம் கொதித்த கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ், 1877-ல் பிலிப் வெப் முதலியோருடன் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார். ஒழுகும் கூரையை அடைப்பது, சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பது, நாள்தோறும் கவனித்துச் சிதைவைத் தள்ளிப்போடுவது. இவற்றுக்கு மேல் போய், இல்லாத பழமையைக் கற்பனை செய்து கட்டுவது கூடாது என்பதே அச்சங்கத்தின் கொள்கை. சஸெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்திலுள்ள பதினான்காம் நூற்றாண்டு வீல்டன் வீடு இடிபடும் நிலைக்கு வந்தபோது, 1895-ல் பிறந்திருந்த தேசிய அறக்கட்டளை அதை 1896-ல் பத்துப் பவுன் கொடுத்து வாங்கியது. அந்த அறக்கட்டளை விலைகொடுத்து வாங்கிய முதல் கட்டடம் அதுதான். இன்று எத்தனையோ மாளிகைகளுக்கு உடைமையாளராயிருக்கும் ஒரு ஸ்தாபனம், வைக்கோல் வேய்ந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அந்த வீட்டுக் கூடத்தின் தரை, சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பாலால் மெழுகியது.

ஆனால் மாரிஸின் கொள்கை எங்கும் வெற்றி பெற்றுவிடவில்லை. கருமையான சட்டமும் வெண்மையான சுவருமாக நாட்காட்டிப் படங்களில் நாம் காணும் தோற்றமே இதற்குச் சாட்சி. பழைய தச்சர்கள் ஓக் மரத்தைப் பெரும்பாலும் எதுவும் பூசாமல் விட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் நரைத்து வெள்ளி நிறம் கொண்டது. அல்லது சட்டம் சுவர் என்ற பேதமின்றி எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்பையோ காவியையோ அடித்துவிட்டார்கள். தாரும் கருஞ்சாயமும் பூசுவது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மோகம். இந்த மோகத்தைப் பின்பற்றி 1920, 1930-களில் லண்டன் புறநகர்களில் செங்கல் வீடுகளின் முகப்பில் பலகைகளை அறைந்து பழமைக்கோலம் பூண வைத்தார்கள். அதனால் பெருந்தீங்கில்லை. பெருந்தீங்கு செய்தது சிமெண்ட். பழைய வீட்டின் மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுபவை. சட்டம் அசைந்தால் தாமும் இணங்குபவை. அவற்றைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசி, நீர் புகாத சாயமும் அடித்துவிட்டால், மரம் சற்று நகர்ந்ததும் மயிரிழை விரிசல் விழுகிறது. அதன் வழியாக மழைநீர் உள்ளே போகிறது, வெளியே வரமாட்டாமல் தங்கிவிடுகிறது. அறுநூறு ஆண்டு நின்ற வயிரம் பாய்ந்த தூணின் அடி முப்பது நாற்பது ஆண்டுகளில் உளுத்துப்போகிறது. ஈரத்தில் தளர்ந்த மரத்தையே நாடும் வண்டுகள் வந்து குடியேறுகின்றன. வீட்டைக் காப்பாற்ற எண்ணிச் செய்த செலவே வீட்டைக் கொன்றுவிடும் இந்தப் பரிதாபம் எத்தனையோ இடங்களில் நேர்ந்திருக்கிறது.

ஆதி ரூபத்தை மீட்கும் கொள்கைக்கு மிகவும் உயர்ந்த உதாரணத்தையே எடுத்துப் பார்ப்போம். கென்டில் சிடிங்ஸ்டன் பகுதியில் இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீடு, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, நூறாண்டுக்குள் மேற்பக்கத்து அறைகள் திருத்தி அமைக்கப்பெற்றது. பௌ பீச் என்ற இடத்தில் நீர்த்தேக்கம் கட்டியபோது அது மூழ்கவேண்டி வந்ததால், 1960-களின் இறுதியில் அதைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, ராய் ஆம்ஸ்ட்ராங் என்ற சரித்திர ஆசிரியரின் முயற்சியால் சஸெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தில் உருவாகிவந்த திறந்தவெளிக் காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய் மீண்டும் நிறுத்தினார்கள். பிரித்துச் சேர்க்கத் தக்கதாகப் பிறந்த வீடு என்று முன்பு சொன்னேனே, அந்தக் குணமே அதைக் காப்பாற்றியது. மீண்டும் நிறுத்தும்போது, பிற்காலத்துத் தளத்தையும் புகைபோக்கியையும் விட்டுவிட்டு, துளைகளும் காடிகளும் கரியும் தந்த ஆதாரங்களைக்கொண்டு, 1540-ல் இருந்திருக்கக்கூடிய தோற்றத்தில் அமைத்தார்கள். இன்று அங்கே நடுக்கூடத்தில் தீ எரிகிறது. கண்ணாடியில்லாத ஜன்னல்களில் மரக்கம்பிகள் நிற்கின்றன.

இது சரியா? என் கொள்கைப்படி சரியன்று என்றே சொல்லவேண்டும். எனினும் பேலீஃபின் விஷயத்தில் நான் அந்தக் கொள்கையைச் சற்றுத் தளர்த்துகிறேன். அந்த வீடு தன் நிலத்தை முன்னமே இழந்துவிட்டது. அதில் குடியிருப்போர் இல்லை. பிரித்தபோது கிடைத்த சான்றுகளே மீட்சிக்கு ஆதாரமாயின. அன்றியும், அதே காட்சிச்சாலையில் பெண்டீன் என்ற மற்றொரு பண்ணை வீட்டையும், 1609-ல் நடுவில் செங்கல் புகைபோக்கியோடு பிறந்த நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மறைந்த அத்தியாயத்தை மற்றொரு வீடு சொல்லிவிடுகிறது. காட்சிச்சாலைக்கு இந்த உரிமையைக் கொடுக்கலாம். தன் மண்ணில் தன் அஸ்திவாரத்தின்மேல் நிற்கும் வீட்டை வாங்கி, வார இறுதிக்கு வந்து தங்கும் ஒருவர், உயர்ந்த கூடம் வேண்டுமென்ற ஆசையால் பதினாறாம் நூற்றாண்டுத் தளத்தைப் பெயர்க்கவும் பதினேழாம் நூற்றாண்டுப் புகைபோக்கியை இடிக்கவும் அனுமதி கேட்டால், அதை மறுக்கவேண்டும் என்பதே என் தீர்மானம். அந்தப் புகைபோக்கியைக் கட்டிய உழவன், கூடத்தைக் கட்டிய உழவனுக்கு எவ்விதத்திலும் குறைந்தவனல்லன்.

சட்டமும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் தொடங்கி, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற பட்டியல் முறையின்படி, 1700-க்கு முன் கட்டப்பட்டு ஆதிப் பாகங்கள் கணிசமாக எஞ்சிய கட்டடங்கள் பெரும்பாலும் பாதுகாப்புப் பெறுகின்றன. அனுமதியின்றி அவற்றின் குணத்தைக் கெடுக்கும் மாறுதலைச் செய்வது குற்றம். ஆனால் சட்டத்தால் தூணை வெட்டாமல் தடுக்க முடியுமேயன்றி, உளுத்த தூணின் அடியை அறுத்து, புது ஓக் கட்டையைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டுக்கொடுத்து, பழையதையும் புதியதையும் கண்டவுடன் பிரித்தறியும்படி நேர்மையாகச் சேர்க்கும் தச்சனைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும். பழங்கட்டடச் சங்கம் 1930 முதல் இளைஞர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துப் பழைய கட்டடங்களிடையே பயிற்றுவித்து வருகிறது. சிங்கிள்டன் காட்சிச்சாலையில் 2002-ல் திறந்த பட்டறைக் கட்டடத்தை, மெல்லிய பச்சை ஓக் சட்டங்களைப் பின்னி வளைத்தே கட்டியிருக்கிறார்கள். பச்சை மரத்தைப் பழக்கும் வித்தை இறந்துவிடவில்லை என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

இத்தனைக்கும் நடுவே அந்நாட்டு அரசாங்கம் செய்துவரும் ஒரு காரியம் எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. புதிதாக ஒரு வீடு கட்டுகிறவர் அந்த வேலைக்கு மதிப்புக்கூட்டு வரி செலுத்த வேண்டியதில்லை. அறுநூறு ஆண்டு வீட்டின் கூரையை வேய்கிறவரும், சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறவரும், தூணுக்கு ஒட்டுக்கொடுக்கிறவரும் நூற்றுக்கு இருபது வீதம் அந்த வரியைச் செலுத்தியாக வேண்டும். பட்டியலிலுள்ள வீடுகளில் அனுமதி பெற்றுச் செய்யும் மாறுதல்களுக்கு முன்பிருந்த விலக்கையும் 2012-ல் நீக்கிவிட்டார்கள். காப்பது கடமை என்று ஒரு சட்டம் சொல்ல, காப்பவனுக்கு அபராதம்போல் மற்றொரு சட்டம் வரி விதிக்கிறது; மலிவான சிமெண்டை நாடும்படி ஏழை வீட்டுக்காரரை அதுவே தூண்டுகிறது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு இந்த வரியை அறவே நீக்கவேண்டும். அதை நீக்கும்வரை, அந்நாட்டின் பட்டியல்கள் எத்தனை நீண்டாலும் போதா.